காத்திருப்புக் குழு

தேவகனி முனைவர் பட்டம் வாங்கிய வாரம், அவள் அம்மா செல்லபாய் கருங்கல் சந்தையில் மீன்காரியிடம் வாய் நிறையச் சொல்லிவிட்டாள், மகள் டாக்டராகிவிட்டாள் என்று. மறுநாள் விடிந்ததும் வீங்கிய முழங்காலோடு ஒருவர் முற்றத்தில் வந்து நின்றார்.

"நான் அந்த டாக்டர் இல்ல, மாமா" என்றாள் தேவகனி.

"பின்ன எந்த டாக்டர்?"

அவள் விளக்கத் தொடங்கினாள். பாதியில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் வலித்தைலத்தை எடுத்துவந்து கையில் கொடுத்து அனுப்பினாள்.

அதற்குப் பிறகு வருடங்கள் ஓடிவிட்டன. பல்கலைக்கழகத்தில் அவளுக்கென்று ஒரு மேசை, ஒரு அலமாரி, கதவில் பெயர் எல்லாம் வந்துவிட்டன. ஆனாலும் வேலை என்னவென்று ஒரே மூச்சில் சொல்ல அவளுக்கு இன்னும் வரவில்லை. உடம்பு முடங்கிப்போனவர்களின் மனது என்ன பாடு படுகிறது, அதற்கு எது உதவும், எது உதவாது என்று கேட்டு, அளந்து, எழுதுவது. அவ்வளவுதான். அவளுக்குக் குழந்தையிலேயே இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. காலில் கம்பிப் பட்டை கட்டித்தான் நடப்பாள். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் மாவட்டம் முழுவதும் சுற்றுவாள். அந்தக் காலால்தான் இந்த வேலைக்கு வந்தாள் என்று பலர் நினைத்தார்கள். உண்மையில் ஆட்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்க அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கொள்ளை ஆசை. அதற்குச் சம்பளமும் கொடுப்பார்கள் என்று தெரிந்ததும் வேறெங்கும் போகவில்லை.

அவள் பெயரிலேயே கிடைத்த முதல் ஆராய்ச்சி முதுகுத்தண்டில் அடிபட்டவர்களைப் பற்றியது. தென்னையிலிருந்து விழுந்தவர்கள், கல் சரிந்து நசுங்கியவர்கள், கடலில் வள்ளம் தூக்கிப்போட்டு அடிபட்டவர்கள், பைக்கில் போய் லாரியில் மோதியவர்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஆஸ்பத்திரி உயிரைக் காப்பாற்றிவிடும். யாராவது ஒரு சக்கர நாற்காலி வாங்கிக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் கேட்க ஆள் கிடையாது. வீட்டின் பின்னறையில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வருடங்கள் போகும்.

தேவகனி போட்ட திட்டம் இதுதான். இதே அடி பட்டும் மனதைத் தேற்றிக்கொண்டு நிமிர்ந்தவர்கள் சிலருக்குப் பயிற்சி கொடுத்து, வாரம் ஒருமுறை வீடு தேடி அனுப்புவது. அவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள், கேட்பார்கள், சின்னச் சின்ன வேலையில் இறக்கிவிடுவார்கள். இது உதவுகிறதா என்று தெரிய வேண்டுமானால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டம் வேண்டும். அதனால் சேர்ந்தவர்களைக் கம்ப்யூட்டர் குலுக்கல் போட்டு இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு உடனே, ஆறு மாதத்துக்கு ஆள் வரும். மறுபாதி ஆறு மாதம் பொறுத்திருக்க வேண்டும், பிறகுதான் அவர்களுக்கு. ஆராய்ச்சியின் பாஷையில் இரண்டாவது கூட்டத்துக்குக் காத்திருப்புக் குழு என்று பெயர்.

அந்தப் பெயரை அவர்களிடம் சொல்ல வேண்டிய நாள்தான் அவளுக்குப் பெரும் பாடாக இருந்தது. நாகர்கோவிலில் ஒரு மண்டபத்துக்கு அவர்களை வரவழைத்து, பல்கலைக்கழக வேனில் கூட்டிவந்து, டீயும் பருப்புவடையும் கொடுத்து, பைய விஷயத்தை எடுத்தாள். கடைசி வரிசையில், தோளெல்லாம் கல் போல இறுகிய ஒரு மனிதர் மட்டும் கையைத் தூக்கினார். குளச்சல் அல்போன்ஸ். கடலில் பாதி ஆயுளைக் கழித்தவர்.

"அப்பம் நாங்க வெறுதே இருக்கணும், இல்லியா மேடம்?"

"வெறுதே இல்லண்ணா. மாசாமாசம் வந்து உங்ககிட்ட கேள்வி கேப்போம்."

"கேள்வி கேட்டுட்டுப் போயிருவிய. ஆறு மாசம்! கடலுக்குப் போனவன் ஆறு மாசம் வரல்லைன்னா கரையில உள்ளவ அவன் செத்துட்டான்னு பூசை குடுத்துருவா, தெரியுமா?"

மண்டபம் சிரித்தது. தேவகனிக்கும் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு முக்கியமான நிபந்தனையைச் சொன்னாள். "ஒரேயொரு காரியம். முதல் குழுவில உள்ளவங்களை நீங்க பாக்கக்கூடாது. அவங்க என்ன செய்யுகாங்கன்னு கேக்கவும் கூடாது. கலந்துபோச்சுன்னா இந்த ஆராய்ச்சியே கெட்டுப்போவும்."

"அது சத்தியம்" என்றார் அல்போன்ஸ் நெஞ்சில் கைவைத்து. எல்லோரும் தலையாட்டினார்கள்.

மாலையில் திரும்பிப் போக வேன் வரவில்லை. வழியில் எங்கோ பழுதாகி நின்றுவிட்டதாக டிரைவர் போனில் சொன்னார். தேவகனி வியர்த்துப்போய் யார் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அல்போன்ஸ் தன் மைத்துனனை அழைத்து மீன் டெம்போவைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். சக்கர நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி ஏற்றி, கயிறு போட்டுக் கட்டி, மேற்குப் பக்கத்து ஆட்கள் எல்லோரும் ஐஸ் தண்ணீர் வழியும் அந்த வண்டியிலேயே ஊர் போய்ச் சேர்ந்தார்கள். தேவகனி பலமுறை நன்றி சொன்னாள். அதோடு அந்தச் சம்பவத்தை மறந்தும் போனாள்.

மாதங்கள் நன்றாகவே போயின. முதல் குழுவில் மயிலாடி முருகதாஸ் என்று ஒருவர் இருந்தார். சிற்பக் கூடத்தில் கல் சரிந்து இடுப்பில் விழுந்தவர். முதலில் யார் வந்தாலும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். வாரம் ஒருமுறை ஆள் வரத் தொடங்கிய பிறகு எழுந்து உட்கார்ந்தார். பிறகு தானே சவரம் செய்துகொண்டார். ஒருநாள் மனைவியைக் கூப்பிட்டு, உளியை எடுத்து வா, முனை மழுங்கியிருக்கும் என்றாராம். அதைக் கேட்ட அன்றைக்கு தேவகனி ஸ்கூட்டரை நிறுத்தி ஒரு நுங்கு சர்பத் வாங்கிக் குடித்தாள். தன் திட்டம் பலித்துவிட்டது என்று அவளுக்குள் ஒரு நிறைவு பரவியது.

அப்போதுதான் ரதீஷ் போன் செய்தான். ரதீஷ் அவளோடு படித்தவன், இப்போது அதே துறையில் புள்ளிவிவரம் பார்க்கிறவன். மாதாமாதம் வரும் விடைகளை எல்லாம் வரைபடமாகப் போடுவது அவன் வேலை.

"ஏட்டி, இருந்துகிட்டுக் கேளு. ஒரு காரியம் சொல்லுகேன்."

"இருந்துட்டேன். சொல்லு."

"முதல் குழு நல்லா ஏறியிருக்கு. விசனம் குறஞ்சிருக்கு, உறக்கம் கூடியிருக்கு."

"அதுதான் தெரியுமே."

"காத்திருப்புக் குழுவும் ஏறியிருக்கு. ரெண்டு கோடும் ஒண்ணாட்டு ஏறுது. ஒண்ணுமேல ஒண்ணு ஒட்டிப் போவுது. ஒண்ணும் செய்யாத ஆளுக எப்பிடி ஏறுவாங்க?"

போனை வைத்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அத்தனை பேரும் தேறியிருக்கிறார்கள் என்று கேட்டு முகம் வாடிப்போன ஒரே ஆள் இந்த உலகத்தில் அவளாகத்தான் இருக்கும். வெட்கமாக இருந்தது. ஆனாலும் வெட்கத்தைவிடக் குழப்பம்தான் பெரிதாக இருந்தது. இரண்டு குழுவும் ஒன்றாக ஏறினால், வீடு தேடி ஆள் அனுப்பியதால் ஒரு பயனும் இல்லை என்றுதான் அர்த்தம். சும்மா விட்டிருந்தாலும் காலம் தேற்றியிருக்கும் என்று ஆகிவிடும். நாளை யாராவது அந்தக் கட்டுரையைக் காட்டி, இவர்களுக்கு எதற்குப் பணம் செலவழிக்க வேண்டும் என்பார்கள்.

கேள்வி கேட்கப் போகும் பெண்கள் இரக்கப்பட்டு நல்ல விடையாக எழுதிவிட்டார்களோ என்று முதலில் சந்தேகப்பட்டாள். அவர்களைக் கூப்பிட்டு விசாரித்தாள். அவர்கள் கோபித்துக்கொண்டதுதான் மிச்சம். சரி, நானே போய்ப் பார்க்கிறேன் என்று ஒரு புதன்கிழமை மதியம் குளச்சலுக்கு ஸ்கூட்டரை விட்டாள்.

அல்போன்ஸின் வீட்டில் அவர் மனைவி சகாயமேரி மட்டும் இருந்தாள். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள்.

"அண்ணன் இல்லியா?"

"மீட்டிங்குக்குப் போயிருக்காரே. புதங்கிழமைல்லா?"

"என்ன மீட்டிங்?"

சகாயமேரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு, கடித்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தவள் போலச் சிரித்தாள். "ஏலக்கூடத்துல இருக்காரு. நீங்களே போய்ப் பாத்துக்கிடுங்க. நான் சொன்னதாட்டு சொல்லாதீங்க, என்ன?"

தேவகனிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தவிர வேறெதற்கும் வெளியே போவதில்லை என்று முதல் மாதம் பதில் சொன்ன மனிதர் அவர்.

மீன் ஏலக்கூடம் காலை வியாபாரம் முடிந்து ஓய்ந்து கிடந்தது. சிமென்ட் தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். உருகிய ஐஸ் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. கூரைக் கம்பியில் வரிசையாகக் காக்கைகள். நடுவில், கடல் காற்று வருகிற பக்கமாக, வட்டம் போட்டாற்போலச் சக்கர நாற்காலிகள். நாற்காலிகளில் அவளுடைய காத்திருப்புக் குழு. கருங்கல், திங்கள்சந்தை, மண்டைக்காடு, எங்கெங்கோ இருந்து, மேற்குப் பக்கத்து ஆட்கள் ஒருவர் விடாமல் இருந்தார்கள்.

பேசிக்கொண்டிருந்தது சபிதா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். கல்யாணம் நிச்சயமான வருடம் விபத்தில் மாட்டியவள். முதல் மாதம் கேள்வி கேட்கப் போனபோது ஆம், இல்லை என்பதற்கு மேல் ஒரு வார்த்தை உதிர்க்காதவள். இப்போது கையை ஆட்டி ஆட்டி யாரையோ கடிந்துகொண்டிருந்தாள்.

"ஒரு மணிக்கூறுக்கு ஒருக்க கையை ஊணி உடம்பத் தூக்கணும்னு எத்தன தடவை சொல்லுகேன்? புண்ணு வந்தா யாருக்கு? எனக்கா? இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் கண்ணாடி வச்சுப் பாருங்க."

கடிந்துகொள்ளப்பட்ட பெரியவர் தங்கப்பன், தென்னையிலிருந்து விழுந்தவர். "பாக்கேன் டீச்சர்" என்றார் பள்ளிப்பிள்ளையைப் போல.

யாரோ ஒருவர் தேவகனியைப் பார்த்துவிட்டார். பேச்சு நின்றது. அல்போன்ஸ் நாற்காலியை மெல்லத் திருப்பினார்.

"வாங்க மேடம்" என்றார். "கண்டுபிடிச்சிட்டியளே."

"என்னண்ணா இது?"

"சும்ம பேசிட்டு இருக்கோம்."

"கலந்துபோகக்கூடாதுன்னு சொன்னேனே, ஓர்மை இல்லியா?"

அல்போன்ஸின் முகத்தில் உண்மையான வருத்தம் வந்தது. "மேடம், மாதாவாண, முதல் குழு ஆளு ஒருத்தரையும் நாங்க கண்ணால பாக்கல்ல. அதுல ஒருத்தர் சபிதாவுக்குத் தூரத்துச் சொந்தம். கல்யாண வீட்டுல கண்டப்பம்கூட இந்தப் பொண்ணு தலையைத் திருப்பிக்கிட்டு வந்திருக்கு. அவங்களைத்தான நீங்க பாக்கக்கூடாதுன்னு சொன்னிய? நாங்க எங்களுக்குள்ள பாக்கக்கூடாதுன்னு சொல்லல்லியே."

தேவகனி திட்டத்தின் விதிகளை மனதுக்குள் புரட்டிப் பார்த்தாள். சொல்லத்தான் இல்லை. அப்படி ஒன்று நடக்கும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, திட்டத்தைப் படித்து ஒப்புதல் கொடுத்த அத்தனை பேராசிரியர்களுக்கும் தோன்றவில்லை. பின்னறையில் கிடப்பவர்கள் கிடப்பார்கள் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

யாரோ மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அவளை உட்காரச் சொன்னார்கள். கட்டஞ்சாயா வந்தது. ஆளுக்கு ஒன்றாக நடந்ததைச் சொன்னார்கள். அன்றைக்கு டெம்போவில் வரும்போது வண்டி குலுங்கிய குலுக்கலில் தங்கப்பனின் சிறுநீர்ப் பை கழன்றுவிட்டது. அவர் அவமானத்தில் அழுதுவிட்டார். அல்போன்ஸ் தன் பையையும் தூக்கிக் காட்டி, இங்கே எல்லாருக்கும் இதே கதைதான், என்னத்துக்கு அழுகிறீர் என்றார். அந்த இருட்டு வண்டிக்குள் ஒருவர் பாக்கியில்லாமல் சிரித்திருக்கிறார்கள். சபிதா சிரித்தது விபத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. இறங்கும்போது நம்பர்களை வாங்கிக்கொண்டார்கள். எங்கே கூடுவது என்று யோசித்தபோது, கோயில், சர்ச், ஓட்டல், நூலகம் எல்லாவற்றுக்கும் படி. ஐஸ் வண்டி ஏற்றுவதற்காக ஏலக்கூடத்துக்கு மட்டும் சரிவு கட்டியிருந்தது. ஒவ்வொரு புதனும் மதியத்துக்கு மேல் மைத்துனனின் டெம்போ சும்மாதான் நின்றது.

"தங்கப்பன் அண்ணன் ஒருநாள் சொன்னாரு, காலம்பற கண்ணு முழிக்கவே பிடிக்கல்ல, அப்பிடியே போயிட்டா நல்லதுன்னு" என்றாள் சபிதா. "அதுக்குப் பிறகு அல்போன்ஸ் அண்ணன் தெனமும் விடியக்காலம் போன் அடிப்பாரு."

"போன் அடிச்சு என்ன சொல்லுவீங்க?" என்று தேவகனி கேட்டாள்.

"என்னத்தச் சொல்ல? ஏலே கிழவா, எழும்பிட்டியான்னு கேப்பேன்."

"நான் எழும்பிட்டேண்டான்னு ஏசுவேன்" என்றார் தங்கப்பன். "எழும்பாம எப்பிடி ஏசுகது?"

தங்கப்பனை மனநல மருத்துவரிடமும் கூட்டிப்போயிருந்தார்கள். அவர் இப்போது ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறார். அதையும் சபிதாதான் பார்த்துக்கொள்கிறாள். தேவகனி கேட்டுக்கொண்டே இருந்தாள். சாயா ஆறிப்போனது தெரியவில்லை.

கடைசியில் அல்போன்ஸ் தயங்கிக் கேட்டார். "உங்க ஆராய்ச்சி கெட்டுப்போச்சா மேடம்?"

"ஆமாண்ணா" என்றாள் அவள். "நல்லாவே கெட்டுப்போச்சு." சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அவர்களும் பயந்து பயந்து, பிறகு வாய்விட்டுச் சிரித்தார்கள்.

வீட்டுக்குப் போய் ரதீஷிடம் போனில் சொன்னபோது அவன் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டான். பிறகு, "ஏலக்கூடத்துக்கு வந்தவங்களைக் கணக்குல இருந்து கழிச்சிட்டுப் பாத்தா?" என்றான்.

"கழிச்சா யாரு மிஞ்சுவா?"

அவன் எண்ணிப் பார்த்தான். "கிழக்க ஆரல்வாய்மொழிப் பக்கம் உள்ள நாலஞ்சு பேரு."

"அந்த நாலஞ்சு பேரை வச்சு என்ன எழுதப்போற?"

"கவிதைதான் எழுதலாம்" என்றான் ரதீஷ்.

எதையும் கழிக்கவில்லை. தேவகனி நடந்ததை நடந்தபடி எழுதிப் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பினாள். பணம் கொடுத்தவர்களுக்கும் ஒரு நகல். அந்த இரண்டு வாரமும் அவளுக்கு ஒரே வெப்ராளம், பதற்றம். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள், வாயில் வைக்க மறந்துவிடுவாள். "உன்ன மாதிரி உள்ளவங்களுக்குக் கேள்வி கேக்க ஆளு வருமா?" என்று செல்லபாய் கேட்டாள்.

கூட்டம் கம்ப்யூட்டர் திரையில் நடந்தது. குழுவில் இருந்த வயதான வழக்கறிஞர் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார், "இவங்களைக் கூட்டினது யாரு?"

"யாரும் இல்ல, சார். அவங்களாவே கூடிட்டாங்க."

"கூடினதால யாருக்காவது கெடுதல்?"

தேவகனி யோசித்தாள். "ஒரு புதன்கிழமை மழையில வந்து ரெண்டு பேருக்குச் சளி பிடிச்சது, சார்."

திரையில் நாலைந்து முகங்கள் குனிந்துகொண்டன. சிரிப்பை மறைக்கிறார்கள் என்று அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. தலைவராக இருந்த அம்மாள் கறாராகத்தான் பேசினார். மேற்பார்வை போதவில்லை என்று பதிவு செய்யச் சொன்னார். ஆனால் ஆராய்ச்சியை நிறுத்த வேண்டாம், இன்னும் ஆறு மாதம் இரண்டு குழுவையும் தொடர்ந்து பாருங்கள், இப்படிக் கூடியதையும் ஆராய்ச்சியின் பகுதியாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். தேவகனி அன்று மதியம் இரண்டு தட்டு மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டாள்.

வாக்குக் கொடுத்தபடி காத்திருப்புக் குழுவுக்கும் ஆள் அனுப்ப வேண்டிய நேரம் வந்தது. அவள் ஏலக்கூடத்துக்குப் போய், வாரம் ஒருமுறை வீட்டுக்கு ஆள் வரும் என்று சொன்னாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வேண்டாம்னு சொன்னா சங்கடப்படுவியளா?" என்று சபிதா கேட்டாள். "அதுக்குப் பதிலா ஒரு டாக்டரைக் கூட்டிட்டு வருவியளா? உங்கள மாதிரி இல்ல, மத்த டாக்டர். கல்யாண வாழ்க்கை, பிள்ளை பெறுகது, அதெல்லாம் இனி முடியுமா முடியாதான்னு மறைக்காம சொல்லுகவரா இருக்கணும். ஆஸ்பத்திரில கேட்டா எல்லாரும் கூரையைப் பாக்காங்க."

அல்போன்ஸ் சட்டென்று கடலைப் பார்த்துக்கொண்டார். மற்ற ஆண்களும் கடலைப் பார்த்தார்கள். ஆனால் டாக்டர் வந்த அன்று ஒருவர்கூட லீவு போடவில்லை. சகாயமேரியும் வேறு சில மனைவிகளும் பின்னால் வந்து நின்று கேட்டார்கள். சபிதா கேட்ட கேள்விகளுக்கு அந்த டாக்டர் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார்.

அடுத்த சில மாதங்களில்தான் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. ரதீஷ் மறுபடி போன் செய்தான். இந்த முறை காத்திருப்புக் குழுவின் கோடு ஏறிய இடத்திலேயே அசையாமல் நின்றது. முதல் குழுவின் கோடு இறங்கிக்கொண்டிருந்தது.

தேவகனி மயிலாடிக்குப் போனாள். முருகதாஸ் படுக்கையில்தான் இருந்தார். சுவர்ப் பக்கம் திரும்பவில்லை என்றாலும் முகத்தில் பழைய வாட்டம் தெரிந்தது. தாடி வளர்ந்திருந்தது.

"ஆளு வந்துட்டு இருந்தான். நல்ல ஆளு. வருவான், பேசுவான், நானும் அன்னிக்கு முழுசும் நல்லா இருப்பேன்" என்றார். "இப்பம் வரல்ல. திட்டம் முடிஞ்சு போச்சு, இல்லியாம்மா?"

"ஆமாண்ணா."

"அதுதான். அவன் இல்லாம எனக்கு வேற யாரையும் தெரியாது."

திரும்பி வரும் வழியெல்லாம் அந்த வார்த்தை அவளோடு வந்தது. வீடு தேடி ஆள் போனபோது ஒவ்வொருவருக்கும் ஒரு நண்பன் கிடைத்தான். டெம்போவில் ஏறியவர்களுக்கு ஒரு கூட்டமே கிடைத்தது. திட்டத்தை இப்படிப் போட்டிருக்கலாமோ என்று யோசித்தபோது அவளுக்கு வருத்தம் வரவில்லை. இனி என்ன செய்யலாம் என்பது கண்முன் தெளிவாகத் தெரிந்ததில், ஸ்கூட்டரின் வேகம் தானாகவே கூடியது.

புதன்கிழமை அவள் அல்போன்ஸிடம் கேட்டாள், முதல் குழு ஆட்களையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று. கூடுதலாகக் கேட்ட ஆறு மாதமும் ஆகிவிட்டது, கணக்கெடுப்பு எல்லாம் முடிந்துவிட்டது, இனிமேல் கலந்தால் தோஷமில்லை என்றாள்.

அல்போன்ஸ் முகத்தை வெகு கடுமையாக வைத்துக்கொண்டார். "ஆறு மாசம் வெறுதே இருக்கச் சொல்லுங்க. பிறகு யோசிக்கலாம்."

"அண்ணா!"

"நாளைக்கே வண்டி விடுகேன், போதுமா?" என்று தொடையில் அறைந்து சிரித்தார். தொடைக்கு வலி தெரியாது, ஆகவே அவர் பலமாகவே அறைவார்.

மயிலாடியிலிருந்து முருகதாஸ் வந்த முதல் நாள் மீன் நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டார். "இங்கயா இருக்கணும்?" என்றார். கல் தூசி பழகின மூக்குக்கு இது பழகாதா என்று தங்கப்பன் அவரைத் தன் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டார். அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வந்தவர்கள் எல்லோரும் அந்த வாரத்தில் கஷ்டமாக இருந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். சும்மா வேடிக்கை பார்க்க யாருக்கும் அனுமதி இல்லை. முருகதாஸ் மெல்ல மெல்ல, தன் தம்பியே இப்போது சிற்பக் கூடத்தை நடத்துகிறான், சுத்தியல் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜன்னலைச் சாத்தச் சொல்கிறேன் என்று சொன்னார். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. சபிதா மட்டும், "பள்ளிக்கூட மணி அடிச்சா நானும் அப்பிடித்தான் இருந்தேன்" என்றாள்.

சுற்று தேவகனியிடம் வந்து நின்றது.

"நான் ஆராய்ச்சிக்கு வந்தவ" என்றாள் அவள்.

"கணக்கெடுப்பு முடிஞ்சாச்சுன்னு நீங்கதான பறஞ்சிய?" என்றார் அல்போன்ஸ். "மீன் பெட்டில இருக்குகவங்களும் சொல்லணும், மக்களே."

மேடம் என்று கூப்பிடாமல், வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல அவளை அவர் மக்களே என்றது அதுதான் முதல் முறை. இத்தனை வருடங்களில் எத்தனையோ பேரிடம், இந்த வாரம் உங்கள் மனது எப்படி இருந்தது என்று அவள் கேட்டிருக்கிறாள். திருப்பிக் கேட்டவர் யாரும் இல்லை. காலின் கம்பிப் பட்டையை ஒருமுறை இறுக்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள். நல்ல காலும் இப்போது சில மாதங்களாக ஓய்ந்துபோகிறது. மாடிப்படி ஏறினால் தொடை நடுங்குகிறது. சின்ன வயதில் வந்த வாதம் நடுவயதில் இப்படித் திரும்பித் தொல்லை கொடுக்கும் என்று படித்திருக்கிறாள். படித்தது தெரிந்தே இருந்தும் டாக்டரிடம் போகவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

"எப்பம் போறிய?" என்று சபிதா கேட்டாள், தங்கப்பனைக் கடிந்த அதே குரலில்.

"பாக்கேன்."

"பாக்கேன் எல்லாம் இங்க செல்லாது. வியாழன், வெள்ளி, எது?"

"வெள்ளி" என்றாள் தேவகனி. சொல்லிவிட்ட பிறகு உடம்பு லேசானதுபோல் இருந்தது. வெள்ளிக்கிழமை போகவும் செய்தாள். டாக்டர் புதிதாக ஒரு ஊன்றுகோலும், ஓய்வு எடுக்க வேண்டிய நேரங்களும் எழுதிக் கொடுத்தார். பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. அம்மாவிடம் சொன்னபோது செல்லபாய் கொஞ்ச நேரம் அழுதாள், பிறகு ஏன் முன்னமே சொல்லவில்லை என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தாள்.

கட்டுரை மறு வருடம் வெளிவந்தது. ஆராய்ச்சியாளர்களின் பெயர்களுக்கு நடுவே சபிதாவின் பெயரும் இருந்தது. கூடிய விதத்தை எல்லாம் ஆட்களிடம் கேட்டு எழுதித் தொகுத்தது அவள்தான். அடுத்த திட்டத்துக்குப் பல்கலைக்கழகம் அவளையே சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. தேவகனியின் துறைக்குப் போகும் நடையில் மூன்று படிகள் இருந்தன. சபிதா சேரும் நாளுக்குள் அங்கே சரிவு கட்டி முடித்தாக வேண்டும் என்று தேவகனி அலுவலகத்தில் தினமும் போய் நின்றாள். நச்சரிப்புத் தாங்காமல் கட்டினார்கள்.

ஆடி மாதம் கடல் கொந்தளித்து ஏலக்கூடம் முழுக்க வலைகளும் எஞ்சின்களும் வந்து அடைந்தபோது, எங்கே கூடுவது என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. முருகதாஸ், என் வீட்டு முற்றத்துக்கு வாருங்கள், இடம் தாராளமாக இருக்கிறது, நாற்றமும் இல்லை என்றார். அவ்வளவு தூரமா என்று அல்போன்ஸ் முறுக்கிக்கொண்டார். ஓட்டெடுத்தார்கள். மயிலாடி ஜெயித்தது. அந்தப் புதன்கிழமை சாரல் மழையில், மேலே தார்ப்பாய் போட்ட மீன் டெம்போ பாட்டும் கூச்சலுமாகக் கிழக்கே கிளம்பியது. பின்னிருக்கையில் சகாயமேரி கட்டிக்கொடுத்த சோற்றுப் பாத்திரத்தோடும் பக்கவாட்டில் செருகிய ஊன்றுகோலோடும் தேவகனி ஸ்கூட்டரில் அதன் பின்னாலேயே போனாள். வெள்ளமடம் தாண்டியதும் வண்டி ஒரு சாயாக் கடை முன்னால் நின்றது. கடைக்காரர் ஓடி வந்து தார்ப்பாய்க்குள் எட்டிப் பார்த்து, எத்தனை சாயா என்று கேட்டார். உள்ளே ஆளுக்கு ஒரு எண்ணைச் சொல்லிச் சண்டை போடத் தொடங்கினார்கள்.